ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

கொலுசுக்காரன்:
2000-ல் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை முதலாளிக்கு ஃப்ரேம் வைத்து வெப்சைட் செய்தேன். ஃப்ரேம் என்றால் பிரவுசர் ஜன்னலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தனிப் பக்கத்தைக் காட்டுவது. இடது பக்கம் 150 பிக்சலில் மெனு, மீதி இடம் முழுக்கப் பக்கத்துக்கு என்று சொல்ல ஒரு நட்சத்திரக்குறி. அப்போது எல்லாரும் போட்டதுதான். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டுமே என்று மெனு ஃப்ரேமுக்கு ஸ்க்ரோலிங் ‘நோ’ என்றும் கொடுத்திருந்தேன். எல்லா லிங்க்கிலும் டார்கெட், அதாவது எந்த ஃப்ரேமில் திறக்க வேண்டும் என்ற குறிப்பு, சரியாக இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் ‘புது டிசைன்’ என்று ஒரு லிங்க் சேர்த்தேன் பாருங்கள், அதில் மட்டும் விட்டுவிட்டேன்.

பிரவுசிங் சென்டரில் முதலாளி, அவர் மச்சான், நான். மச்சான் மவுஸை நீட்ட, முதலாளி நேராக அந்த லிங்க்கைத்தான் அமுக்கினார். மெனு இருந்த சந்துக்குள் கொலுசுப் படம் வந்து உட்கார்ந்தது. மெனு போயே போச்சு. 400 பிக்சல் படத்தில் ஓரத்துத் துண்டு மட்டும் தெரிகிறது, நகர்த்திப் பார்க்கப் பட்டையும் கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “தம்பி, திருகாணி மட்டுந்தான் தெரியுது. கொலுசு எங்கப்பா?” என்றார்.

மெனு ஃபைலின் தலையில் பேஸ் டார்கெட் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும், எல்லா லிங்க்குக்கும் சேர்த்து அதுவே டார்கெட். எனக்கு அது அப்போது தெரியாது.

மலைக்காற்று:
டார்கெட்டை மறந்தது நீங்கள், பழி ஃப்ரேமுக்கா? நிஜமாகவே ஃப்ரேம் செய்த வேலையைக் கேளுங்கள். ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருந்தேன். எங்கள் வெப்சைட்டில் பெயரும் போன் நம்பரும் மேல் ஃப்ரேமில், அறை வாடகை கீழ் ஃப்ரேமில். தேடுபொறி என்ன செய்தது? கீழ் ஃப்ரேமின் ஃபைலை மட்டும் தனியாக எடுத்துக் காட்டியது. மே மாதம், கோடை விழாக் கூட்டம். குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து, பிரிண்ட் எடுத்த வாடகைத் தாளை என் மேஜையில் வைத்தது. “எல்லாம் போட்டிருக்கீங்க, நம்பரை மட்டும் காணோமே, எப்படிங்க புக் பண்றது?” அறை ஒன்றுகூட காலி இல்லை. பின்சீட்டில் வாந்தி எடுத்த பையன் வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான்.

அஞ்சுரோடு:
மலைக்காற்று அவர்களே, அதுவும் ஃப்ரேமின் குற்றம் இல்லை. என் கதை சின்னது: கம்ப்யூட்டர் சென்டர் பரீட்சையில் ஃப்ரேம்செட்டுக்கு (ஜன்னலை ஃப்ரேம்களாகப் பிரிக்கும் டேக்) முன்னால், சாதாரணப் பக்கத்துக்குப் போடும் பாடி டேக்கைப் போட்டேன், வெள்ளைப் பக்கம் வந்தது, ஃபெயில். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கம் தனியாகத் திறந்தால் அதைக் கண்டுபிடித்து முழு ஃப்ரேம்செட்டுக்குத் தள்ளிவிட இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். ஃப்ரேம் காட்டத் தெரியாத பிரவுசருக்கான நோஃப்ரேம்ஸ் பகுதியில் ‘உங்கள் பிரவுசர் ஃப்ரேமை ஆதரிக்கவில்லை’ என்று எழுதி வைப்பதற்குப் பதில் போன் நம்பரையும் லிங்க்குகளையும் போட்டிருக்கலாம். வெளித் தளங்களுக்கு டார்கெட்டில் ‘டாப்’ (முழு ஜன்னலிலும் திற) கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊரான் பக்கம் நம் சட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். முகப்புக்கும் அதேதான், மறந்தால் மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. நெட்ஸ்கேப் 2 என்ற பழைய பிரவுசர் கொண்டுவந்த வசதி இந்த ஃப்ரேம். 1996-லேயே வெப்சைட் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் இதைத் திட்டி எழுதிவிட்டார். அப்புறமும் 1997 டிசம்பரில், வெப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பில் முறைப்படி சேர்த்தார்கள். காரணம் இருந்தது: டயல்-அப்பில் மெனுவை ஒவ்வொரு தடவையும் இறக்க வேண்டியதில்லை. 2014-ல் எச்டிஎம்எல்5 வந்தபோது ஃப்ரேம்செட்டைக் கழித்துவிட்டார்கள், ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதிக்கும் ஐஃப்ரேம் மட்டும் தப்பித்தது. இன்னும் யாராவது பழைய தளத்தை வைத்திருந்தால் பக்கத்தைக் கட்டம் கட்டிப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டுக்கு மாறுங்கள், மெனு நகராமல் நிற்க சிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கும் ஸ்டிக்கி போதும். முதலில் ஃபைல்களை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்

அம்மாபேட்டைப் பெண்:
அண்ணா, வழி யாரும் கேட்கலையே!

எனக்கு நடந்தது ரிசல்ட் அன்று. மார்க் பட்டியல் வலப்பக்க ஃப்ரேமில் தெரிந்தது. பிரிண்ட் கொடுத்தால் வந்தது இடப்பக்க மெனு: ‘முகப்பு, தொடர்பு, உதவி’. கடைசியாக எங்கே க்ளிக் செய்தோமோ அந்த ஃப்ரேம்தான் பிரிண்ட் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? சென்டர்காரர் அந்தத் தாளுக்கும் காசு வாங்கிக்கொண்டார். வீட்டில் அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாஸுன்னு எங்க போட்டிருக்கு?”

மலைக்காற்று:
அஞ்சுரோடு, இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்டை அன்றைக்கு யார் எங்களுக்குச் சொன்னார்கள்? இப்போது எல்லாரும் சொல்லலாம்.

கொலுசுக்காரரே, முதலாளி காசு கொடுத்தாரா?

கொலுசுக்காரன்:
கொடுத்தார், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மறுநாளே திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். “நீயே அமுக்குப்பா” என்றார்.