மராமத்துக் கலை: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கெட்டுப்போன மண்ணையும் சூழலையும் சரிசெய்வதையே படைப்பாக்கும் 'ரெமெடியேஷன் ஆர்ட்' என்ற கலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'ரெமெடியேஷன் ஆர்ட்' என்பதற்குச் 'சுற்றுச்சூழல் கலை' என்பதே போதுமே?

போதாது ஐயா. பருவநிலை பற்றி யார் எதை வரைந்தாலும், வடித்தாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் பன்னிரண்டை நகரச் சதுக்கத்தில் வைத்து உருகவிட்டார். அழிவைக் கண்முன் காட்டும் கலை அது; அதைச் சூழல் கலை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அமெரிக்கக் கலைஞர் மெல் சின் 1991இல் செய்தது வேறு வகை. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் காட்மியமும் துத்தநாகமும் ஊறிப்போன ஒரு குப்பைமேடு. வேளாண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியுடன் சேர்ந்து, உலோகத்தை உறிஞ்சும் செடிகளை அவர் அங்கே நட்டார். சதுர வேலி, உள்ளே வட்டப் பாத்தி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நடைபாதைகள். செடியை அறுத்து எடுத்தால் நஞ்சில் ஒரு பங்கு அதனுடன் வெளியேறும். மேலேயிருந்து பார்க்கச் சிற்பம், மண்ணுக்குள் வைத்தியம். ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் அந்நாட்டின் காசெல் நகரில் தொடங்கிய 7,000 மரங்களின் நடவும் இந்த வகைதான்.

இதற்கு வந்த பரிந்துரைகளில் 'மீட்புக் கலை' எனக்கு ஒப்பவில்லை. நலிந்த கூத்துக்கு உயிர்கொடுக்கும் முயற்சி என்றே படிப்பவர் நினைப்பார். 'சீர்திருத்தக் கலை' நேரே சமூகச் சீர்திருத்தத்துக்குக் கொண்டுபோய்விடும்.

என் பரிந்துரை: மராமத்துக் கலை.

'மராமத்து' அரபு வேர்ச்சொல் என்று நம்மில் ஓர் அம்மையார் தயங்குகிறார். அந்த அக்கறையை மதிக்கிறேன். தூய தமிழே வேண்டுமென்றால் 'செப்பனிடு கலை' நல்ல சொல். ஆனால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரையில் நின்று 'மராமத்து' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. வரத்துக்கால் வெட்டுவது, மடையைச் சரிசெய்வது, உபரிநீர் வழியும் கலுங்கைப் பழுதுபார்ப்பது எல்லாம் அந்த ஒரே சொல்லில் வந்துவிடும். ஊர் கூடிச் செய்தால் குடிமராமத்து. 1858இல் ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த கறையும் சொல்லின்மேல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதையும் தாண்டி அது ஊர்ச்சொல்லாகவே நிலைத்திருக்கிறது.

கலைக்கும் மராமத்துக்கும் என்ன உறவு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அய்யனாருக்கு மண்குதிரை செய்து எடுத்துச் செல்லும் புரவியெடுப்புத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஊரார் பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) கொடுத்த பிறகே மண்பாண்டக் கலைஞரான வேளார் வேலையைத் தொடங்குகிறார். கண்மாய்க் களிமண் அய்யனாரின் குதிரையாகிறது. குதிரைக்கு மண் எடுத்த அளவுக்குக் கண்மாயும் ஆழமாகிறது. பழைய குதிரைகள் மழையில் கரைந்து மண்ணாகின்றன. இந்த மரபு கண்ணெதிரே இருக்கும்போது பெயரை வேறெங்கோ தேடுவானேன்?

'மராமத்துப் படைப்பு', 'மராமத்துக் கலைஞர்' என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. 'மராமத்துக் கலைஞர்' கொத்தனாரைக் குறிப்பதாகத் தோன்றும் என்பார்கள். தோன்றட்டும், இந்தக் கலைஞர்கள் கையில் மண்வெட்டியும் இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் ஓவிய மாணவர்கள் சிலர் ஒரு கண்மாயில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அந்தக் கட்டைகளிலேயே சிற்பம் செய்து கரையில் நிறுத்துகிறார்கள். அவர்களுடைய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்போ மாற்றுச் சொல்லோ இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து