மோல்கிராமோஸ்டிம் என்ற நுரையீரல் மருந்தை இந்தியாவுக்கு வரவழைத்தவர்கள் யாராவது உண்டா?

அண்ணனுக்கு 41 வயது, கோவை. ஆட்டோஇம்யூன் பல்மனரி ஆல்வியோலார் புரோட்டினோசிஸ் என்ற நுரையீரல் நோய் 2023-ல் உறுதியானது, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஆன்டிபாடி பாசிட்டிவ், அதாவது நுரையீரலின் துப்புரவு செல்களை இயக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் புரதத்தை அவர் உடலே தடுக்கிறது. நுரையீரல் காற்றறைகளில் சேரும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருளைத் துப்புரவாக்க வேண்டிய செல்கள் வேலை செய்வதில்லை, அது அப்படியே தேங்கிவிடுகிறது. இப்போது குளித்துவிட்டு வந்தாலே ஆக்சிஜன் 84 சதவீதத்துக்கு இறங்குகிறது. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு நுரையீரலையும் கழுவியாயிற்று. பாட்டில் பாட்டிலாகக் கஞ்சித்தண்ணி மாதிரி வந்தது, கடைசியில்தான் கொஞ்சம் தெளிந்தது. சில மாதம் நன்றாக இருந்தார், அப்புறம் பழையபடி. ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்றுதான் கூடும் என்று டாக்டர் அதைத் தொடவே இல்லை. ஜிஎம்-சிஎஸ்எஃப் புரதத்தையே மருந்தாகத் தயாரித்த சர்கிராமோஸ்டிம் இங்கே விசாரித்த இடத்திலெல்லாம் இல்லை. ஜப்பானில் அதை உள்ளிழுக்கும் மருந்தாக 2024-லேயே அனுமதித்துவிட்டார்கள், நமக்கென்ன பயன்!

மிச்சம் அதே வகை மருந்தான மோல்கிராமோஸ்டிம்தான். நெபுலைசரில் தினம் ஒரு வேளை 300 மைக்ரோகிராம். இம்பாலா-2 ஆய்வில் 48 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரலின் வாயுப் பரிமாற்றம் மேம்பட்டது. தயாரிப்பாளருக்கு மெயில் போட்டோம், சிகிச்சை தரும் டாக்டர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். சரி, டாக்டரும் தயார். ஆனால் அவர் இருப்பது தனியார் மருத்துவமனை, அனுமதி வராத மருந்தை இறக்குமதி செய்யக் கேட்கும் சிடி-24 படிவம் அரசு மருத்துவமனைக்குத்தான் என்கிறது நிர்வாகம், இன்னொருவர் சொந்த உபயோகத்துக்கான 12ஏ படிவமே போதும் என்கிறார்.

அனுமதி வராத மருந்தைத் தனியார் மருத்துவமனை நோயாளிக்காக வரவழைத்தவர்கள் இருந்தால், எந்தப் படிவத்தில், யார் பெயரில் விண்ணப்பித்தீர்கள்?