தண்ணீர் ஊற்றிய கற்றாழை அழுகியது, வாசலில் தொங்கியது உயிரோடு இருக்கிறது. உங்கள் வீட்டில்?

செல்லூர் மாடிவீடு

இரண்டு மாதமாக மனசில் கிடக்கிறது. என் அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) போன ஐப்பசியில் தவறிவிட்டார்கள். உசிலம்பட்டி வீட்டைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கிவந்தது அவர்கள் வைத்திருந்த சோற்றுக்கற்றாழைத் தொட்டி ஒன்றைத்தான். மடல் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. செடி வாடிவிடுமே என்று காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு நாள்கூட விடவில்லை. அழகர் மலைக்குத் திரும்பின வாரம், அடி மடல் ஒன்று நிறம் மாறியிருக்கிறதே என்று தொட்டேன். விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. தூக்கிப் பார்த்தால் செடி முழுசும் கையோடு வந்துவிட்டது. வேர் என்று ஒன்றுமே இல்லை. பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, அந்த வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

இதே செடியிலிருந்து ஒரு கன்றைப் பிரித்து, நாங்கள் குடிவந்த அன்று அத்தைதான் வாசலில் தலைகீழாகத் திருஷ்டிக்குக் கட்டினார்கள். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது இன்னும் உயிரோடு தொங்குகிறது. மெலிந்து, தூசி படிந்து, ஆனால் நடுக்குருத்து மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து மேலே வளைந்திருக்கிறது.

அதை இறக்கி நடலாமா? திருஷ்டி வாங்கினதை வீட்டுக்குள் வைக்காதே என்கிறார் நாத்தனார்.

ஒத்தக்கடை தோட்டம்

அக்கா, வெயில் உங்கள் செடியைக் கொல்லவில்லை, அந்த இரண்டு சொம்புதான் கொன்றது. கற்றாழை பகலில் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கிற செடி. அதனால் பகல் சூட்டில் அதற்குத் தண்ணீர் அதிகம் வெளியே போகாது. வாசலில் தொங்குவது பிழைத்ததும் அதனால்தான். மடலுக்குள் இருக்கிற சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு கிடக்கும். நானும் ஒரு அடைமழையில் ஆறு தொட்டி இழந்தவன், அதனால் சொல்கிறேன்.

இறக்கி நடுங்கள். முதலில் தொட்டியைக் கவிழ்த்து அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் பெயருக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதையும் மண் அடைத்துவிடும். மண்தொட்டிதான் நல்லது, ஈரத்தைச் சுவர் வழியாகவே இழுத்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின சாண எரு ஒரு பங்கு. வெறும் கரிசல் மண் வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த வேரையும் அடிச் சருகையும் கத்தரித்து, வெட்டுவாய் காய மூன்று நான்கு நாள் நிழலில் போடுங்கள். நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறம் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது. கோடையில் வாரம் ஒரு தடவை தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை பூக்கும், அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். மடல் இடுக்கில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு சோப்பும் கலந்து துடைத்தால் போதும். இன்னொன்று, வெட்டின மடலை நட்டால் பிழைக்கும் என்று வீடியோவில் காட்டுவார்கள். வேர் பிடிக்காது, அழுகத்தான் செய்யும். பக்கக்கன்றுதான் வழி.

கூடல்நகர் ரயிலடி

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. மகளுக்குப் பதினாறு வயசு, முகப்பருவுக்குக் கற்றாழை கேட்டாள். தண்டவாளத்து ஓரம் அத்தனை நிற்கிறதே என்று நான்தான் ஒரு மடல் அறுத்துக்கொண்டுவந்தேன். கத்தியில் கீறினால் கண்ணாடி மாதிரி சோறு வரவில்லை, நார் நாராக வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சுரண்டிக் கன்னத்தில் தடவினாள். கால் மணி நேரத்தில் ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று தடித்துவிட்டது. குழாயடியில் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டே, "நீங்க பார்த்துதானப்பா எடுத்தீங்க?" என்று கேட்டாள். பத்து நாளில் எல்லாம் ஆறிவிட்டது, அந்தக் கேள்வி மட்டும் எனக்கு ஆறவில்லை.

அது ரயில் கற்றாழை, கயிறு திரிக்கிற நார் எடுப்பது. இரண்டும் வேறு வேறு செடி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மேலமாசி வீதி

கூடல்நகர் அண்ணனுக்கு நடந்தது வருத்தம்தான். அதற்காகக் கற்றாழையே அரிக்கும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். எங்கள் அம்மாச்சி வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் கற்றாழைதான். தம்பி இரண்டரை வயசு வரைக்கும் பால் மறக்கவில்லை. அம்மாச்சி கொல்லையில் ஒரு மடலை ஒடித்து, ஒழுகின மஞ்சள் பாலை அம்மாவின் மார்பில் தடவிவிட்டார்கள். தம்பி ஓடிவந்து வாய் வைத்தான். எடுத்தான். அம்மா முகத்தைப் பார்த்தான். திரும்ப ஒரு தடவை வாய் வைத்தான், அப்புறம் சத்தமே போடாமல் அம்மாச்சி மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஏழு வயசு, அந்த முகம் அப்படியே நினைவிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கற்றாழை யாரையும் எதுவும் செய்யாது.

கூடல்நகர் ரயிலடி

கற்றாழை அரிக்கும் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் அறுத்தேன் என்றுதான் சொன்னேன்.

திருநகர் மூன்றாவது பஸ் ஸ்டாப்

மேலமாசி வீதி, எதுவும் செய்யாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன அதே மஞ்சள் பால்தான் எங்கள் அப்பாவைப் படுக்கையில் போட்டது. காலை நடைக்குப் போகிற இடத்தில் கற்றாழை ஜூஸ் குடித்துப் பழகிவிட்டு, காசு எதற்கு என்று வீட்டுத் தொட்டியிலேயே அறுத்துத் தோலோடு மிக்ஸியில் அடித்துவிட்டார். வடிய விடவில்லை, கழுவவும் இல்லை. அன்று ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தார். விடியும்போது நிற்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினோம். அறுக்கும்போது அவர் வேட்டியில் தெறித்த சொட்டு முதலில் மஞ்சளாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. அந்த வேட்டியை அம்மா பீரோவில் அடியில் வைத்திருக்கிறார், கட்ட விடுவதில்லை.

நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று கறுப்புக் கட்டியாகக் கொடுப்பார்களே, அது இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினதுதான். பேதி மருந்து. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குகிற பேதி மருந்துகளில் இது இருக்கக் கூடாது என்று 2002-லேயே நிறுத்திவிட்டார்கள். அறுத்த மடலைச் செங்குத்தாகக் கால் மணி நேரம் சாய்த்து வைத்துப் பாலை வடிய விடுங்கள், தோலைச் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் கழுவுங்கள் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் குடிக்கவே வேண்டாம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், அதுகளுக்கும் ஆகாது.

வாடிப்பட்டி

செல்லூர் அக்கா, நட்டால் எடுத்த எடுப்பில் மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள். வராண்டாவில் ஒரு வருஷம் இருந்த செடியை நான் சித்திரையில் ஒரே நாளில் வெளியே வைத்தேன். நான்காம் நாள் மடல் எல்லாம் செங்கல் நிறம். சாகவில்லை, பச்சை திரும்ப மூன்று மாதம் ஆனது.

செல்லூர் மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. இறக்கிவிட்டேன். நாத்தனாரையே கூப்பிட்டு, அவர் கையால் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவர் அம்மா போட்ட முடிச்சு அது, இறுகிப்போயிருந்தது. அரிவாள்மனையால் அறுத்துவிடலாம் என்றேன். விடவில்லை, நகத்தால் நெம்பி நெம்பிக் கால் மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டார். அந்தச் சணல் கயிற்றைச் சுருட்டி அவரே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் வேண்டாம் என்பதில் மட்டும் மாறவில்லை, அதனால் தொட்டி வாசற்படிக்கு வெளியே இருக்கிறது. காலை வெயில் ஒன்பது மணி வரை விழும்.

நான்கு நாள் காயப் போட்டு நட்டேன், இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். மூன்று தடவைதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். சொம்பை எடுத்துக்கொண்டு போய், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாள்தான் அதிகம். சுருங்கிக் கிடந்த மடல் இரண்டு தடித்திருக்கிறது. நேற்று லேசாக இழுத்துப் பார்த்தேன், மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது.

ஒத்தக்கடை தம்பி, தொங்கும்போது வளைந்த குருத்து இப்போது பக்கவாட்டில் நிற்கிறது. அது தானாக நிமிருமா, குச்சி வைத்துக் கட்ட வேண்டுமா?