முர்ச்சாத்தும் மூன்று மகன்களும்

குரூசேடர் கிங்ஸ் 3, அதாவது இடைக்கால ராஜா ஒருவராக நாட்டையும் வம்சத்தையும் நடத்தும் கணினி ஆட்டம், வாங்கிய வாரம் நான் ஆடவே இல்லை. 40 பக்க நோட்டு ஒன்றில் திட்டம் மட்டும் போட்டேன். கி.பி. 867 வேண்டாம், 1066இல் தொடங்கலாம் என்று முடிவெடுக்கவே மூன்று நாள் ஆனது. வரைபடத்தைத் தெற்கே இழுத்தால் வீரராஜேந்திர சோழர் உட்கார்ந்திருக்கிறார். விடுவேனா? நம்மூர் ராஜா, பெரிய படை, அப்புறம் என்ன கவலை என்று எடுத்துவிட்டேன்.

பெரிய ராஜ்ஜியம் என்றால் கீழே சிற்றரசர்களும் ஏகப்பட்ட பேர். திரையின் மேலே அறிவிப்புகள் வரிசைகட்டி நின்றன. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் முதல் இரண்டு மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தே போனது. கொஞ்ச நாளில் சிற்றரசர்கள் கட்சி சேர்ந்து மிரட்டல் ஓலை அனுப்பினார்கள். நோட்டை மூடி வைத்தேன்.

அடுத்து அயர்லாந்து. புதியவர்களுக்கான டூட்டோரியலே அங்கேதான், மன்ஸ்டர் பகுதியின் குட்டி ராஜா முர்ச்சாத். பக்கத்தில் இருப்பவர்களும் நம்மைப் போலச் சின்ன ஆட்கள். அரசவைப் பாதிரியாரை அடுத்த கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) அனுப்பி, அது நமக்குச் சொந்தம் என்று பத்திரம் ஜோடிக்கச் சொல்ல வேண்டும். (போலிப் பத்திரத்தைச் சாமியார் தலையில் கட்டியவர் யாரோ, நல்ல குசும்பர்.) அவர் வேலையை முடிப்பதற்குள் காசு சேர்த்தால் போதும்.

இருபது வருஷத்தில் தீவில் பாதிக்கு மேல் என் கையில். அயர்லாந்து ராஜா பட்டத்தை உருவாக்கக் கொஞ்சம் தங்கம் குறைந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததை இன்னொரு போரில் போட்டேன். அந்தப் போர் முடிவதற்குள் முர்ச்சாத் போய்ச் சேர்ந்தார்.

மூன்று மகன்கள். ஆரம்பத்தில் பாகப்பிரிவினைதான் சட்டம். ஆளுக்கொரு டச்சி (சில கவுண்டிகள் சேர்ந்த பகுதி) போனது. மேலே ராஜா பட்டம் இருந்திருந்தால் தம்பிகள் எனக்குக் கீழே இருந்திருப்பார்கள். இல்லாததால் இரண்டு பேரும் தனி நாடு. நோட்டில் 'வாரிசு' என்ற சொல்லே எங்கும் இல்லை.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் என் ஆட்டத்தில் இந்தப் பாகப்பிரிவினைக்குப் பயந்து முன்கூட்டியே ஒரு வழி பண்ணினேன். நாற்பதை நெருங்கிய பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம். ஒரே மகன், பங்கு கேட்க ஆள் இல்லை. ஏழு வயதில் அவன் காய்ச்சலில் போய்விட்டான். பட்டம் எங்கோ கிடந்த சித்தப்பாவுக்குப் போனது. அவருக்கு 61.

*

இன்னொரு வாசகன் நான். என் முதல் ஆட்டம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, இதுவும் நாடு பிடிக்கும் கணினி ஆட்டம்தான். தொடக்கம் 1444 நவம்பர் 11, அதாவது வார்னா போருக்கு மறுநாள். துருக்கியரின் ஒட்டோமான் அரசை எடுத்தேன். கான்ஸ்டாண்டிநோபிள் கைக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை. பால்கன் பக்கம் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி வரிசையாக விழுங்கினேன். ஒவ்வொரு ஊரைப் பிடிக்கும்போதும் அக்கம்பக்கத்து நாடுகளுக்கு நம்மேல் கோபம் ஏறும். அந்தக் கோபம் 50 புள்ளியைத் தாண்டினால் அவர்கள் நமக்கு எதிராகக் கூட்டணி சேரலாம். அந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று நான் தெரிந்துகொண்டது, ஏழு நாடுகள் ஒரே நாளில் போர் அறிவித்த பிறகுதான். பதிவு எழுதின தம்பி, உன் ஆட்டம் என்ன ஆச்சு?

*

பதிவு எழுதினவன் நான்தான். மறுபடி 1066, மறுபடி முர்ச்சாத். பட்டத்துக்கான தங்கம் சேரும்வரை ஒரு போரும் கிடையாது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. முர்ச்சாத்துக்கு 58 ஆகிறது, போன மாதத்திலிருந்து உடம்பு சரியில்லை.