2 வயசுல சமமாம்!

சூரக்குடியான்:
“குறைமாசமா 28 வாரத்துல பிறந்திருந்தாலும் 2 வயசு வந்தா மத்த பிள்ளைகளுக்குச் சமம்”னு நேத்து இங்கே ஒரு பெரியவர் அடிச்சு விட்டிருந்தார். பிரிட்டன், அயர்லாந்துல 1995-ல 26 வாரத்துக்கு முன்னாடி பிறந்த பிள்ளைகளை 19 வயசு வரைக்கும் விடாமச் சோதிச்சாங்க. எபிக்யூர் ஆய்வுன்னு பேரு. அறிவுத்திறன் சோதனையில மத்த பிள்ளைகளோட இருந்த இடைவெளி, சராசரியில மூடவே இல்லை. 2 வயசாம்!

பள்ளத்தூர் பெரியப்பா:
அந்தப் பெரியவர் நான்தான், தம்பி. நேராவே திட்டலாம். முந்திப் பிறந்த வாரத்தைக் கழிச்சு டாக்டர் வயசு போடறது 2 வயசு வரைக்கும்தான். அப்புறம் ஏன் கழிக்கலை? சமமாயிட்டதாலதானே! என் பேத்தி 1 கிலோ 400-ல பிறந்தா. இன்னைக்கு சி.ஏ. படிக்கிறா.

சூரக்குடியான்:
3 மாச வித்தியாசம் 1 வயசுல பெருசு, 8 வயசுல சின்னது. அதனால கழிக்கிறதை விடறாங்க. மூளை எட்டிப் பிடிச்சதுக்கு அது சர்டிபிகேட்டா? மூளையில மடிப்பு விழறதே பெரும்பாலும் அந்தக் கடைசி 3 மாசத்துலதான். பேத்திக்கு வாழ்த்து. ஒரு பேத்தி ஆய்வு ஆகாது.

புதுவயல் ராமு:
28 வாரமா, 34 வாரமா? எதைப் பத்திப் பேசறீங்க?

பள்ளத்தூர் பெரியப்பா:
வாரம் கிடக்கட்டும். 2 வயசுக்கு மேல கழிக்கிறாங்களா, இல்லையா?

தேவகோட்டை டீச்சர்:
என் வகுப்புல அப்படிக் குறைமாசத்துல பிறந்த ஒரு பையன். பாட்டு ஒப்பிச்சா கணீர்னு இருக்கும். போர்டுல இருக்கிற கணக்கை எழுதச் சொன்னா மூணாவது வரியில தொலைஞ்சிடுவான், பென்சில் நுனியையே பார்த்துக்கிட்டு. ஓட மாட்டான், அடிக்க மாட்டான். அதனாலேயே யார் கண்ணுலயும் படலை. இவங்களுக்குக் கவனச் சிதறல், பதற்றம், கணக்குல தடுமாற்றம் அதிகம்னு பல நாட்டு ஆய்வு சொல்லுது. எல்லாருக்கும் வரும்னு நான் சொல்லலை.

பள்ளத்தூர் பெரியப்பா:
ஆச்சி, வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்து அளவை மாத்திச் சொல்லி நாலு வீட்டு மாவைக் கெடுத்தவங்க நீங்க. மூளைக்கும் அளவு சொல்றீங்களாக்கும்.

தேவகோட்டை டீச்சர்:
தலைதட்டின அரிசி மேல கோபுரமா உளுந்துன்னுதான் எழுதினேன். உங்க வீட்டு ஆழாக்கு ஓட்டையா இருந்தா நான் என்ன செய்ய?

சூரக்குடியான்:
உளுந்தை விடுங்க. ஜெர்மனியில பவேரியா ஆய்வு, 1985-86-ல பிறந்தவங்க, 26 வயசு வரைக்கும் பார்த்தாங்க. அங்கேயும் இதே கதைதான். 2 வயசுல சமம்னு எழுதினதை எடுங்க.

பள்ளத்தூர் பெரியப்பா:
எடுக்க முடியாது. உங்க ஜெர்மனிக்காரன் என் பேத்தியைப் பார்த்தானா?

தேவகோட்டை டீச்சர்:
எடுக்க வேண்டாம். எந்த நாலு வீடு, அதை மட்டும் சொல்லுங்க.