ஒரே உருக்கல், இரண்டு வலு: மக்னீசியத்தோடு உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பீன்யா, ஃபவுண்டரி

பெங்களூரு பீன்யாவில் 11 வருடமாக மக்னீசியம் உருக்குகிறேன். சொந்த ஊர் சேலம், அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்தவர். அந்தக் கல்லுக்குள் இருப்பதும் மக்னீசியம்தான், ஆனால் அது உலைச் செங்கல்லாகப் போய்விடும். நான் ஊற்றும் உலோகம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். டபிள்யூஇ43 என்று ஒரு கலவை. மக்னீசியத்தில் 4 சதவீதம் இட்ரியம், 3 சதவீதம் அளவுக்கு நியோடிமியமும் மற்ற அருமண் (ரேர் எர்த்) உலோகங்களும், அரை சதவீதத்தை ஒட்டி ஜிர்கோனியம். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் உறைக்கெல்லாம் போகிற சரக்கு. ஒரு நாள் ஒரே தடவை உருக்கியதிலிருந்து ஏழு பாகம் ஊற்றினோம். முதல் நான்கும் டென்சைல் டெஸ்டில், அதாவது இழுத்து உடைத்துப் பார்க்கும் சோதனையில், தேறின. கடைசி மூன்றும் விழுந்துவிட்டன. கலவைச் சான்றிதழைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

உடைந்த டெஸ்ட் பார் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். தேறியதன் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சலித்த மாவு போல ஒரே சீராக இருந்தது. தேறாததில் கல் உப்பு தூவியது போல அங்கங்கே மினுங்கியது. ஒவ்வொரு மினுங்கலும் ஒரு கிரெயின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் ஒரு படிகக் குருணை, கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு.

அன்றைக்கு நடுவில் மோல்டு தயாராகாமல் உருகிய உலோகத்தை 40 நிமிடம் காக்க வைத்திருந்தோம். அதுதான் காரணம். கிரெயினைப் பொடியாக்குவது ஜிர்கோனியம். அதன் அடர்த்தி 6.5, மக்னீசியத்தின் அடர்த்தி 1.74. காத்திருந்த நேரத்தில் கரையாத ஜிர்கோனியத் துகளெல்லாம் மூசையின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. சான்றிதழுக்கு மாதிரி எடுத்ததோ அதற்கு முன்னால். கிரெயின் பொடியாவதால் மக்னீசியத்துக்குக் கிடைக்கும் வலு அலுமினியத்துக்குக் கிடைப்பதைவிட அதிகம். அது கைவிட்டுப் போனால் விழுகிற அடியும் பெரிது.

ராஜாஜிநகர், ஹீட் ட்ரீட்மென்ட்

அண்ணா, எனக்கும் இதே டபிள்யூஇ43தான், ஆனால் தப்பு நடந்தது உலையில். இதற்கு முறை, முதலில் 525 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து அருமண் உலோகங்களை மக்னீசியத்துக்குள் கரைக்க வேண்டும். உடனே குவென்ச், அதாவது சட்டென்று குளிர்விப்பது. அப்புறம் 250 டிகிரியில் 16 மணி நேரம் வைத்திருப்பது, அதற்குப் பெயர் ஏஜிங். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நானோமீட்டர் அளவில் மெல்லிய தகடுகள் உள்ளே முளைக்கும். முறையாகச் செய்தால் இழுவிசை வலு 250 எம்பிஏவை (மெகாபாஸ்கல்) எட்டும்.

அந்தத் தகடுகள் எப்படி நிற்கின்றன என்பதுதான் எனக்கு இந்தக் கலவையில் ரொம்பப் பிடித்த விஷயம். மக்னீசியத்தில் அணுக்கள் சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும், இழுத்தால் முதலில் சீட்டு மேல் சீட்டு வழுக்கும். அலுமினியம் சேர்த்த ஏஇசட்91-இல் ஏஜிங்கில் வரும் தகடுகள் பெரும்பாலும் சீட்டுகளோடு சேர்ந்து படுத்துக்கொள்கின்றன. வழுக்கலை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. இட்ரியமும் நியோடிமியமும் உள்ள கலவையில் அவை சீட்டுகளுக்குக் குறுக்கே, நட்டு வைத்த வேலிக்கல் போல நிமிர்ந்து நிற்கின்றன. நகர்கிற அடுக்கு அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

எங்கள் உலையில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கதவுப் பக்கம் இருந்தது. அது 250 காட்டியபோது பின்வரிசை 300 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. தகடுகள் பெருத்து, எண்ணிக்கை குறைந்து, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. முன்வரிசை விக்கர்ஸ் கடினம் 90, பின்வரிசை அதைவிட நன்றாகக் குறைவு. மறுபடி 525-க்கு ஏற்றிக் கரைத்து, முதலிலிருந்து செய்துதான் காப்பாற்றினோம்.

ஜாலஹள்ளி, டிசைன்

அக்கா சொன்ன சீட்டுக்கட்டு எக்ஸ்ட்ரூஷனிலும், அதாவது சூடான உலோகத்தை அச்சுத் துளை வழியாகத் தள்ளிப் பாராக்கும்போதும், வேலை காட்டும். அருமண் உலோகம் சேர்க்காத ஏஇசட்31 பாரை வாங்கி ஒரு தாங்குகால் செய்தேன். இழுத்தால் நன்றாகத் தாங்கியது. அழுத்தியபோது ஏறக்குறைய பாதிச் சுமையிலேயே வளைந்தது. பாரைத் தள்ளும்போது கிரெயின்களின் அடுக்கெல்லாம் ஒரே வாட்டத்தில் படிந்துவிடுவதுதான் காரணமாம். சிறிதளவு அருமண் சேர்த்தாலே அந்த வாட்டம் கலைந்து வித்தியாசம் நிறையக் குறையும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மல்லேஸ்வரம், ஆராய்ச்சி மாணவன்

நான் டாடா இன்ஸ்டிட்யூட்டில் (ஐஐஎஸ்சி) படிக்கிறேன். நூற்றுக்கு 97 அணு மக்னீசியம், 1 துத்தநாகம், 2 இட்ரியம், இதுதான் என் கலவை. 2001-இல் ஜப்பானில் கவமுரா குழு இதை நொடிக்குள் உறையவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை எக்ஸ்ட்ரூட் செய்து 610 எம்பிஏ வரை கொண்டுபோனது. மக்னீசியத்தில் அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான் அதையே சாதாரணமாக வார்த்து எக்ஸ்ட்ரூட் செய்தேன், 350-ஐ ஒட்டித்தான் வந்தது. அணு எண்ணிக்கை அதேதான், உறைந்த வேகம் வேறு. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது மறக்கவே மறக்காது. தண்ணீர் பட்டால் கறுத்துவிடும் என்பதால் ஆல்கஹாலிலேயே மெருகேற்றி, பிக்ரிக் அமிலக் கலவையில் சில நொடி நனைத்து வைத்துப் பார்த்தேன். வார்த்த துண்டில் இட்ரியமும் துத்தநாகமும் செறிந்த பட்டைகள் கோடு போட்ட நோட்டு போல நேராக ஓடின. எக்ஸ்ட்ரூட் செய்ததில் அதே பட்டைகள் விசிறி மடிப்பு போல மடிந்து மடிந்து கிடந்தன. வலுவில் அந்த மடிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பீன்யா, ஃபவுண்டரி

தம்பி, அந்தப் படம் இருந்தால் போடுங்கள், எங்கள் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

ராஜாஜிநகர் அம்மாவுக்கு ஒன்று. உங்கள் தகடுகளைக் கரைத்து மறுபடி வரவழைத்துவிட்டீர்கள். வார்ப்பில் பெருத்த கிரெயினுக்கு எந்த உலையிலும் அந்த வழி இல்லை. விழுந்த மூன்று பாகங்களும் மூசைக்கே திரும்பிப் போயின. அதற்குப் பிறகு, மோல்டு பெட்டிகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றால்தான் ஜிர்கோனியம் போடுகிறோம். ஊற்றல் தடைப்பட்டால் அடியிலிருந்து நன்றாகக் கலக்கி, சற்று அடங்கவிட்டு, புதிதாக மாதிரி எடுத்த பிறகுதான் அடுத்த பெட்டி. கடைசிப் பெட்டியின் டெஸ்ட் பாரை நானே உடைத்து வாசல் வெயிலில் பார்க்கிறேன்.