ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யப் பழக்கும் சிகிச்சை) கொடுப்பவர் உண்மையிலேயே படித்தவர்தானா, எப்படித் தெரிந்துகொள்வது?

வீரவநல்லூர் மாமன் எழுதியது:

எங்க அக்கா மகனுக்கு நாலு வயசு. ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி திருநெல்வேலி டவுன் பக்கம் இருக்கிற ஒரு தெரபி சென்டருக்குப் போகிறாள். ஒரு தடவைக்கு 500 ரூபாய். போர்டில் ஓ.டி., ஸ்பீச், ஸ்பெஷல் எஜுகேஷன் எல்லாம் போட்டு, கீழே 'ஆர்.சி.ஐ. அங்கீகாரம்' என்றும் எழுதியிருக்கிறது.

போன வாரம் மச்சானுக்கு லீவு கிடைக்காததால் அக்காவோடு நான் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் பிரஷ்ஷால் பையனின் கை, கால், முதுகு, வயிறு எல்லாம் தேய்த்தார்கள், வயிற்றில் தேய்க்கும்போது அவன் உடம்பையே வில்லாக வளைத்துக் கத்தினான், அதோடு விடாமல் தொட்டில் மாதிரி ஒரு துணி ஊஞ்சலில் போட்டுச் சுற்றினார்கள். "அழுதா அழட்டும், பழகிரும்" என்றார் அந்தப் பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து மெதுவாக, என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டேன். உளவியல் டிகிரி, அப்புறம் சனி ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் ஆன்லைனில் மூணு மாச ஓ.டி. கோர்ஸ் என்றார். மறைக்காமல்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதற்கெல்லாம் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? டாக்டர் என்றால் கவுன்சில் நம்பர் கேட்கலாம். ஓ.டி.க்கு என்ன கேட்பது?

பாளையங்கோட்டை ஓ.டி. எழுதியது:

அண்ணாச்சி, நான் ஓ.டி. படித்தவள், பதினோரு வருடமாகக் குழந்தைகளோடு வேலை பார்க்கிறேன். முதலில் அந்த பிரஷ் விஷயம். அந்த முறையில் முகம், மார்பு, வயிறு இந்த இடங்களில் பிரஷ்ஷே படக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அந்த முறைக்கே ஆய்வு ஆதாரம் மெலிவு, அது தனிக் கதை. வயிற்றில் தேய்த்தார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊஞ்சலும் அப்படித்தான். சுற்றுவதற்கு முன்னால் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார்களா? அக்காவிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

இப்போது சட்டம். நம் நாட்டில் ஓ.டி. புதிதாக முளைத்த படிப்பு இல்லை, 1950இலேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கல்லூரி தொடங்கிவிட்டார்கள், 1952இல் அகில இந்தியச் சங்கமும் வந்துவிட்டது. ஆனால் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் சட்டம் வர 2021 ஆயிற்று. அதுவரை டெல்லி 1997இல், மகாராஷ்டிரம் 2002இல் என்று சில மாநிலங்கள்தான் தனியாகச் சட்டம் போட்டிருந்தன. 2021இல் வந்தது தேசிய துணை மற்றும் சுகாதார வல்லுநர்கள் ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள், ஓ.டி.க்கு என்று தனிப் பிரிவே உண்டு. 'சுகாதார வல்லுநர்' என்று சொல்லிக்கொள்ள மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த பி.ஓ.டி. என்கிற ஓ.டி. பட்டப் படிப்பு பயிற்சிக் காலத்தோடு நாலரை வருடம், உடற்கூறியலும் நரம்பியலும் மருத்துவமனை வார்டுமாக. நீங்கள் சொன்ன கோர்ஸை வாரத்துக்கு நாலு மணி என்று கணக்குப் போட்டால் 52 மணி நேரம்.

போர்டில் இருக்கிற ஆர்.சி.ஐ.யைப் பற்றி: முக்கால்வாசிப் பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமம் 1992ஆம் வருடச் சட்டப்படி சிறப்பு ஆசிரியர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்களைப் பதிவு செய்கிறது. பி.ஓ.டி. முடித்தவர்கள் அதில் வர மாட்டார்கள். அந்த சென்டர் உரிமையாளர் சிறப்பு ஆசிரியராக இருந்து, அவருக்கு ஆர்.சி.ஐ. எண் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து அங்கே ஓ.டி. நடத்த முடியாது. ஆகவே ஓ.டி. கொடுப்பவரிடம் பி.ஓ.டி. பட்டம் எந்தப் பல்கலைக்கழகம், அகில இந்திய ஓ.டி. சங்கத்தில் உறுப்பினரா, புதிய சட்டப்படி மாநிலக் கவுன்சிலில் பதிவு உண்டா, இவற்றைக் கேளுங்கள். சான்றிதழைப் பார்க்கணும் என்று சொன்னால் படித்தவர் யாரும் கோபப்பட மாட்டார்.

அம்பை அப்பா எழுதியது:

என் மகளுக்கு இப்போது எட்டு வயசு. நாங்களும் இந்த மாதிரி ஒரு இடத்தில் ஒன்றரை வருடம் வீணாக்கினோம், இடத்தின் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. பிறகு பி.ஓ.டி. படித்த ஒருவரிடம் போனபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் நாள் அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி தூங்குகிற வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டார், இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாளா, எத்தனை விரலால் பிடிப்பாள், குளிக்கும்போது தலையில் தண்ணீர் விட்டால் என்ன செய்வாள், திருவிழாக் கொட்டுச் சத்தத்துக்கு ஓடுவாளா என்று. மறுநாள் ஒரு தாளில் மூன்று மாதத்துக்கு இரண்டே இரண்டு இலக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்று, இட்லியைத் தானாகப் பிட்டுச் சாப்பிடணும். இன்னொன்று, யூனிஃபார்ம் பட்டனில் மேல் இரண்டைப் போடணும். பட்டனுக்கு முன்னால் ஒரு பழைய உண்டியலில் காசு போட வைத்தார், பெரிய ஓட்டை, அப்புறம் சின்ன ஓட்டை. நாலாவது மாசம் அவளே பட்டனைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு நான் கடையைத் திறக்கவே இல்லை.

உங்கள் அக்காவிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை கொடுக்கிற இடம்) இருக்கிறது, 18 வயசு வரை இலவசம். பையனை ஒரு தடவை அங்கே காட்டி முழு மதிப்பீடு வாங்கிவிடுங்கள். கையில் அது இருந்தால் எந்த சென்டருக்குப் போனாலும் ஏமாற்றுவது கஷ்டம்.

சேரன்மகாதேவி சிறப்பு ஆசிரியர் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயம் பேசணும். நான் ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற சிறப்பு ஆசிரியர். கிராமத்துப் பக்கம் பி.ஓ.டி. படித்தவரை எங்கே தேடுவீர்கள்? களக்காட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் ஒரு தாய் வாரம் இரண்டு முறை டவுனுக்கு எப்படி வருவாள்? கோர்ஸ் முடித்த பிள்ளைகள் எல்லாரையும் விரட்டிவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றுமே கிடைக்காது.

பாளையங்கோட்டை ஓ.டி. எழுதியது:

டீச்சர், நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. விரட்டச் சொல்லவும் இல்லை. ஒரு தகுதியுள்ள ஓ.டி. பிள்ளையை மதிப்பிட்டு, திட்டம் எழுதி, மாதம் ஒரு தடவையாவது நேரில் பார்த்து மாற்றிக் கொடுத்தால், உதவியாளர் அதை ஊரில் செய்யலாம், அம்மாவே வீட்டில் செய்யலாம். நான் அப்படித்தான் ராதாபுரம் பக்கம் சில வீடுகளுக்குச் செய்கிறேன். கூடாது என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: உதவியாளர் தன்னையே ஓ.டி. என்று சொல்லிக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று தெரியாமல் உடம்பில் கை வைப்பது. டவுனில் 500 ரூபாய் வாங்குகிற இடத்துக்குக் கிராமத்துக் கஷ்டம் காரணமாக முடியாது.

கொக்கிரகுளம் வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கம் கொஞ்சம். 2021 சட்டம் வந்தும் மாநிலங்கள் மெத்தனமாக இருந்ததால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு இரண்டு மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று கெடு வைத்தது. பதிவு இல்லாமல் பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொள்வது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் உங்களுக்கு இன்றைக்கே கைகொடுக்கக்கூடியவை வேறு இரண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பயிற்சி மறுவாழ்வு கொடுக்கும் நிறுவனத்தை நடத்தப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்கிறது. அதை அவர்கள் வைத்திருக்கிறார்களா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அடுத்தது நுகர்வோர் சட்டம். காசு வாங்கிக்கொண்டு, இல்லாத தகுதியைப் போர்டில் காட்டினால் அது சேவைக் குறைபாடு, மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமே கிடையாது. ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள், ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். போர்டை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அதுதான் முதலில் மாறும்.

வீரவநல்லூர் மாமன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்காவிடம் கேட்டுவிட்டேன். வலிப்பு பற்றி யாரும் கேட்கவில்லையாம், பையனுக்கு இரண்டு வயசில் காய்ச்சலோடு ஒரு தடவை வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்த தாளும் இல்லை, ரசீதும் இல்லை. ஆனால் பணம் முழுக்க மச்சான் ஜிபேயில்தான் அனுப்பியிருக்கிறார், எடுத்துவிட்டோம். நாளையிலிருந்து அங்கே அனுப்பவில்லை. திங்கள்கிழமை காலையில் ஐகிரவுண்டு, அது முடிந்ததும் அப்படியே கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு. வக்கீல் அண்ணாச்சி, மனுவில் அந்தப் பெண்ணின் பெயரைப் போடாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டால் போதுமா? மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளை, அவளைச் சிக்க வைக்க எனக்கு மனசில்லை.

கொக்கிரகுளம் வக்கீல் எழுதியது:

போதும். பொறுப்பு நடத்துபவருடையது. மனுவை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.